கூண்டுக்குள் குற்றாலீஸ்வரன்!

செல்போன் அலறியது.

காலை ஆறு பத்து. வெளியே சாரல். எஸ்.ஐ. இசக்கிச்செல்வி காபி டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோன நேரம்.

"மேடம்... நான் பிரின்ஸ் பேசுதேன். சர்க்கஸ் ஓனர்..."

"சொல்லுங்க அண்ணாச்சி. பத்தரைக்குக் கோர்ட்டு. ஆளு ரெடியா?"

"ஆளே இல்ல மேடம்!"

"என்னது?"

"கூண்டுக்குள்ள ரத்தம்! குற்றாலீஸ்வரன் கைலி கிழிஞ்சு கெடக்கு. ஒத்தச் செருப்பு கெடக்கு. குற்றாலீஸ்வரனை மட்டும் காணோம்!"

காபி யூனிபாரத்தில் கொட்டியது.

"கூண்டுல வேற என்ன இருக்கு?"

"சிங்கம்..." என்று ஆரம்பித்த பிரின்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். "...சிங்க வேஷம் மேடம். வேஷம் மட்டும் இருக்கு!"

"வெறும் வேஷமா?"

பிரின்ஸ் இன்னொரு தரம் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூச்சு விடுது மேடம்..."

லைன் செத்தது.

இசக்கிச்செல்வி பதறி எழுந்தாள். காரணம் இருந்தது.

சிங்கம், புலி, கரடிகளைச் சர்க்கஸில் ஆட்டிவைக்கக் கூடாது என்று தடை வந்து எத்தனையோ வருடமாயிற்று. அப்படியிருக்க, குற்றாலம் சீசனுக்கு ஐந்தருவி ரோட்டில் கூடாரம் போட்ட 'ராயல் பொதிகை சர்க்கஸ்' போஸ்டரில் ஒரு சிங்கம் சிரித்தது. விடுவாரா வக்கீல் சங்கரநாராயணன்? எறும்பை மிதித்தாலே மனு போடுகிற மனிதர். இரண்டு வருடமாக இந்த சர்க்கஸை ஊர் ஊராகத் துரத்தி, கடைசியில் இங்கே வழக்குப் போட்டார்.

பிரின்ஸ் அசரவில்லை. பதில் மனு தாக்கல் செய்தார்.

'மேற்படி சிங்கம், சிங்கம் அல்ல. சிங்க வேஷம் போட்ட குற்றாலீஸ்வரன் என்கிற மனிதர்.'

போய்ப் பார்த்துவிட்டு வா என்று கோர்ட் அனுப்பியது இசக்கிச்செல்வியை. அவள் கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகில் நீளமாக ஒரு ஜிப்! போதாததற்கு எண்ணெய் வாசனை. குற்றாலீஸ்வரன் இருபது வருடமாக மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள். அவன் தெருமுனையில் வந்தால் வீட்டுக்குள் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அறிக்கை எழுதினாள். 'முதுகில் ஜிப் உள்ளது. எண்ணெய் வாசனை வருகிறது. ஆகவே உள்ளே இருப்பது மனிதன்.' கையெழுத்து. சீல்.

வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. நீதிபதி உத்தரவு போட்டார். குற்றாலீஸ்வரன் வேஷத்தோடு ஆஜராக வேண்டும். நீதிபதி முன்னால்தான் ஜிப்பைத் திறக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக் கூடாது.

அந்த நாள் இன்று.

அறிக்கை பொய்யானால் வேலைக்கு வேட்டு. அது கிடக்கட்டும். தன் மூன்று வரியை நம்பி ஊரே சும்மா இருந்ததால் ஒரு மனிதனைச் சிங்கம் தின்றிருந்தால்...?

"உச்சிமாகாளி அண்ணே! ஜீப்பை எடுங்க!"

* * *

கூடாரத்துக்குப் பின்னால் கூண்டு. கூண்டின் மூலையில், முதுகைக் காட்டியபடி ஒரு பெரிய உருவம் படுத்திருந்தது. முதுகில் ஜிப் பளபளத்தது. தரையில் கிழிந்த கட்டம் போட்ட கைலி. ஒற்றைச் செருப்பு. திட்டுத்திட்டாகச் சிவப்பு!

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கதறினாள். குற்றாலீஸ்வரன் மனைவி உமாராணி.

"ஐயோ... என் வீட்டுக்காரரைச் சிங்கம் தின்னுட்டுதே!"

"சிங்கமே கிடையாதும்மா!" என்றார் பிரின்ஸ். தொங்கு மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்போ யாரு தின்னது?"

பிரின்ஸ் நைசாக ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

இசக்கிச்செல்வி லத்தியால் கம்பியைத் தட்டினாள். "அண்ணாச்சி, நேரா பதில் சொல்லணும். உள்ள படுத்திருக்கது சிங்கமா, மனுசனா?"

"மனுசன் மேடம்!"

"யாரு?"

"குற்றாலீஸ்வரன்!"

"அப்போ செத்தது யாரு?"

"குற்றாலீஸ்வரன்..."

"செத்தவன் எப்படி மூச்சு விடுதான்?"

"அப்போ சாகல மேடம்!"

"சாகாதவனுக்கு ஏன் ரத்தம்? எதுக்கு எனக்குப் போன் போட்டிய?"

பிரின்ஸுக்கு வேர்த்தது. சாரலிலும் வேர்த்தது!

"நான் சொல்லட்டுமா?"

ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். கறுப்புக் கோட்டு, கக்கத்தில் குடை, கையில் ஃபைல். வக்கீல் சங்கரநாராயணன்! முகத்தில் பாதி துக்கம், பாதி தீபாவளி.

"சிங்கம்னு ஒத்துக்கிட்டா வனவிலங்குச் சட்டம். மனுசன்னு சொன்னா கொலைக் கேசு. எதுல போறிய, பிரின்ஸ் அண்ணாச்சி? ரெண்டுக்கும் மனு டைப் அடிச்சு வச்சிருக்கேன்!"

"வக்கீல் சார், ஒரு உயிரு போயிருக்கு. நீங்க..."

"நானும் அழுதுகிட்டேதான் மேடம் டைப் அடிச்சேன்."

அதற்குள் ஏட்டு உச்சிமாகாளி குனிந்து, கம்பி வழியாகக் கையை விட்டு, சிவப்புத் திட்டில் விரலை வைத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"மேடம்... இது ரத்தம் இல்ல."

"பிறகு?"

"தைலம். மூட்டு வலிக்குத் தேய்க்கிற செவப்புத் தைலம். எங்க அம்மை முழங்காலு பூரா இதான் மணக்கும்."

உமாராணியின் அழுகை பாதியில் நின்றது. இசக்கிச்செல்விக்குப் போன உயிரில் கால்வாசி திரும்பியது. எண்ணெய் தேய்க்கிறவன் தனக்கே தேய்த்துக்கொண்டிருக்கிறான். தேய்த்துவிட்டு வேஷத்தை மாட்டிக்கொண்டு தூங்குகிறான். எண்ணெய் தேய்த்துத் தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாதே!

"ஏலே குற்றாலீஸ்வரா! எந்திரில!"

உருவம் அசையவில்லை. குறட்டை மட்டும் வந்தது.

"உள்ள போய் எழுப்புங்க அண்ணே," என்றாள்.

"மேடம்... எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு எட்டு மாசம்தான் இருக்கு."

"மனுசன்னா போகலாமே!" வக்கீல் குத்தினார்.

"நீங்க போங்களேன்."

"நான் மனுதாரர். உள்ள போனா சாட்சியைக் கலைச்சதா ஆயிரும்!"

இசக்கிச்செல்வி யோசித்தாள். பளிச்சென்று பொறி தட்டியது. அருவியில் தண்ணீர் திடீரென்று கூடினால் சைரன் அடிப்பார்கள். சைரன் கேட்டதும் குளிக்கிறவர்களைக் கையை உயர்த்தி விரட்டுவது அங்கே எண்ணெய் தேய்க்கிறவர்கள் பழக்கம். இருபது வருடப் பழக்கம் தூக்கத்தில் போகுமா?

"அண்ணே! ஜீப் சைரனைப் போடுங்க!"

ஊ...ஊ...ஊ...ஊங்!

உருவம் விருட்டென்று எழுந்தது. ஒரு நொடி நாலு காலில் நின்றது. அடுத்த நொடி...

பின்னங்காலில் நிமிர்ந்து நின்றது! முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கியது!

"பாத்தியளா!" கத்தினாள் இசக்கிச்செல்வி. "அருவியில ஆளு விரட்டுத மாதிரியே நிக்கான்! மனுசன்தான்!"

ஏட்டு கை தட்டினார். பிரின்ஸ் பேந்தப் பேந்த விழித்தார். வக்கீலின் முகத்தில் இருந்த தீபாவளி புஸ்வாணமாகிப்போனது.

உமாராணி மட்டும் மேலும் கீழும் பார்த்தாள்.

"மேடம்... அவிய இவ்வளவு உயரம் இல்லையே?"

"வேஷத்துல உயரம் கூடும்மா!" அவசரமாகச் சொன்னார் பிரின்ஸ். "நீ வீட்டுக்குப் போயி இட்லிக்கு ஊத்து!"

* * *

மணி ஒன்பதே முக்கால்.

"மேடம்..." பிரின்ஸ் கையைப் பிசைந்தார். "கூண்டோட லாரியில ஏத்திக் கொண்டு போயிருவோமே?"

"மனுசனைக் கூண்டுல அடைச்சுக் கொண்டு போனா மனித உரிமைக்காரங்க என்னைச் சும்மா விடுவாங்களா? ஜீப்புல உக்காந்து வரட்டும்."

"ஜீப்புலயா!"

"ஏன், காரு கேக்கானா?"

"இல்ல மேடம்... அவன்... வேஷம் போட்டா வேஷமாவே இருப்பான். பேசமாட்டான். நடக்கக்கூட மாட்டான், தவழ்ந்துதான் வருவான்."

"தொழில் பக்தி!" மெச்சினாள் இசக்கிச்செல்வி.

பிரின்ஸ் ஒரு எண்ணெய் பாட்டிலை நீட்டினார். "இதைக் கையில வச்சிக்கிடுங்க. இது போற இடத்துக்குத்தான் அவன் வருவான்."

"நீங்க வரலையா?"

"நான் பஸ்ஸுல வாரேன் மேடம்!" என்றவர், பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தார்.

வக்கீல் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"நான் இவன் பக்கத்துலதான் உக்காருவேன். வழியில ஆளை எறக்கிட்டு நிஜச் சிங்கத்தை ஏத்திட்டியன்னா?"

ஜீப் கிளம்பியது. முன்னால் ஏட்டு, எஸ்.ஐ. பின்னால் வக்கீல், குற்றாலீஸ்வரன்.

ரோட்டோரம் நுங்கு விற்றவன் கத்தியைக் கீழே போட்டான். ஈரத்துண்டோடு வந்த கூட்டம் செல்ஃபி எடுத்தது.

"மூஞ்சியை என்னமா செஞ்சிருக்கான்!" வக்கீல் கன்னத்து மயிரை இழுத்துப் பார்த்தார். "பல்லு வரைக்கும் இருக்கு மேடம். ரெண்டு பல்லுதான் வச்சிருக்கான். சிக்கனம்... ஏம்ப்பா, வாயை மூடு! பல்லு வெளக்கலையா?"

தலை மெல்லச் சாய்ந்து வக்கீலின் மடியில் விழுந்தது.

"பாவம், களைச்சுப்போயிருக்கான்," என்றாள் இசக்கிச்செல்வி. "ஏலே குற்றாலீஸ்வரா, கோர்ட்டுல ஒரே ஒரு நிமிசம். ஜிப்பைத் திறந்து தலையைக் காட்டு. என் வேலை தப்பிச்சிரும். உனக்கு பார்டர் பரோட்டா வாங்கித் தாரேன், என்ன?"

"ம்ர்ர்ர்..." என்றது மடி.

"சரிங்கான் மேடம்," என்றார் ஏட்டு.

தென்காசிக் கோபுரம் தெரிந்தது.

* * *

கோர்ட் வாசலில் இறங்கும்போது அவள் செல்போன் மறுபடியும் அலறியது. அவள் பேச நின்றாள். வக்கீல் எண்ணெய் பாட்டிலை வாங்கிக்கொண்டு படியேறினார். பின்னாலேயே தவழ்ந்து போனது சிங்கம். கட்சிக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"மேடம், நான் உமாராணி! என் வீட்டுக்காரரு உசுரோட இருக்காவ!"

"தெரியும்மா. இப்பத்தான் கோர்ட்டு படி ஏறுதாரு."

"இல்ல மேடம்... இங்கன என் முன்னால உக்காந்து இட்லி தின்னுட்டு இருக்காவ!"

இசக்கிச்செல்வியின் காதுக்குள் ஆயிரம் சைரன்!

"போனை அவன்கிட்ட குடு!"

"கும்பிடுதேன் மேடம்..." இட்லி அடைத்த குரல். "நான் குற்றாலீஸ்வரன். நேத்து சாயங்காலம் அந்தப் பிரின்ஸ், 'காலையில இந்தச் சட்டையைக் கழத்தி நீ மாட்டிக்கிட்டுக் கோர்ட்டுல நில்லு'ன்னான். கோர்ட்டுல பொய் சொல்ல முடியாதுன்னேன். சண்டை போட்டுட்டுத் தைலம் தேய்க்க உள்ள போனா, ஜமீன் என் கைலி மேல உக்காந்துட்டான். இழுத்ததுல கிழிஞ்சுட்டு. தைலத்தைக் கொட்டிட்டு, ஒத்தச் செருப்போட, டவுசரோட ஓடிட்டேன். புளியறையில மச்சான் வீட்டுல படுத்துட்டு இப்பத்தான் வாரேன்."

"ஜமீன்னா... யாருலே?"

"சிங்கம் மேடம். வயசாளி. ரெண்டு பல்லுதான். முழங்காலு வீங்கிக் கெடக்கு. மூணு மாசமா நான்தான் எண்ணெய் தேய்ச்சு விடுதேன்."

"அப்போ... அந்த ஜிப்பு?"

"சட்டை மேடம். பாக்குறவங்க உள்ள மனுசன் இருக்கான்னு நினைக்கணும்னு முதலாளி தைச்சுப் போட்டது. சட்டை சிங்கம். உள்ள இருக்கதும் சிங்கந்தான்."

"சைரனுக்கு எந்திரிச்சு நின்னதே!"

"ஷோவுலயும் இதே மாதிரி சைரன்தான் அடிப்பாங்க. கேட்டா எந்திரிச்சு சலாம் போடணும்னு குட்டியிலேயே அடிச்சுப் பழக்கிருக்காங்க. பாவம் மேடம் அவன்..."

உள்ளே டவாலி கூப்பிடும் சத்தம் கேட்டது.

"குற்றாலீஸ்வரன்... குற்றாலீஸ்வரன்... குற்றாலீஸ்வரன்..!"

ஒரு விநாடி நின்றாள். வாயைத் திறந்தால் அறிக்கை பொய். வேலை காலி. திறக்காவிட்டால்...

பாய்ந்தாள்.

"நிறுத்துங்க! ஜிப்பைத் தொடாதீங்க!"

கோர்ட் ஹால் முழுக்கத் திரும்பியது. நீதிபதி சுகிர்தம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யுவர் ஆனர்! நான் குடுத்த அறிக்கை தப்பு. அது நிஜச் சிங்கம்! தப்பு என்னோடது!"

"அப்ஜெக்‌ஷன்!" வக்கீல் சங்கரநாராயணன் துள்ளினார். "நேத்து வரைக்கும் மனுசன்னாங்க. உரிக்கப்போற நேரத்துல சிங்கங்காங்க. வாய்தா வாங்கப் பாக்காங்க, யுவர் ஆனர்! வழி பூரா என் மடியிலதான் படுத்து வந்தான். எனக்குத் தெரியாதா? இது மனுசன்தான்!"

"நீங்கதானே சிங்கம்னு வழக்குப் போட்டீங்க?" என்றார் நீதிபதி.

"அது... அப்போ!"

சர்ர்ர்ர்ரென்று ஜிப்பை இழுத்தார்.

சட்டை கழன்று விழுந்தது. உள்ளே குற்றாலீஸ்வரன் இல்லை. எலும்பை எண்ணிவிடலாம் போன்ற ஒரு கிழட்டு உடம்பு. தையல் உரசிய இடமெல்லாம் புண். காற்றுப் பட்டதும் சிங்கம் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. வாயைத் திறந்தது.

கர்ர்ர்ர்ராஆஆஆ!

அடுத்த மூன்று விநாடியில் கோர்ட் ஹாலில் தரையில் நின்றவர்கள் இரண்டே பேர். ஒன்று, சிங்கம். இன்னொன்று, இசக்கிச்செல்வி. டவாலி ஜன்னலில். குமாஸ்தா பீரோ மேல். நீதிபதி காலை நாற்காலிக்கு மேலே தூக்கிக்கொண்டார். மேஜை மேல் குடையை விரித்துப் பிடித்து நின்றார் வக்கீல்.

"மனுதாரர் தரப்பு நிரூபணம் ஆயிடுச்சு," என்றார் நீதிபதி, குரல் நடுங்காமல். "நீங்க ஜெயிச்சிட்டீங்க வக்கீல் சார். கீழ இறங்குங்க."

"வேண்டாம் யுவர் ஆனர்! தோத்துக்கிடுதேன்! வாபஸ்! வாபஸ்!"

சிங்கம் மேஜைப் பக்கம் திரும்பியது. வக்கீல் கையிலிருந்த எண்ணெய் பாட்டில் நழுவி, உருண்டு, இசக்கிச்செல்வியின் பூட்ஸில் முட்டி நின்றது.

அவளுக்கும் பயம்தான். ஆனால் அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்ததும் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மூன்று வாரம் முன்பு ஒழுங்காகப் பார்த்திருந்தால், அன்றைக்கே இந்தச் சட்டை கழன்றிருக்கும்.

எண்ணெயைக் கையில் ஊற்றினாள். ஒரு அடி... இன்னொரு அடி...

"ஜமீனு... வா ராசா... ஒண்ணுமில்ல..."

முழங்காலில் கை வைத்துத் தேய்த்தாள். மேலிருந்து கீழாக. மெதுவாக.

உறுமல் தேய்ந்தது. முனகலாயிற்று. சிங்கம் தொப்பென்று உட்கார்ந்து, அவள் பூட்ஸ் மேல் தலையை வைத்துக் கண்ணை மூடியது.

குறட்டை!

இசக்கிச்செல்வி அழுதாள். யாரும் பார்க்கிறார்களா என்று கவலைப்படாமல் அழுதாள்.

நீதிபதி சுகிர்தம் குசுகுசு குரலில் உத்தரவு சொன்னார். குமாஸ்தா பீரோ மேலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். சிங்கம் விலங்குகள் மறுவாழ்வு மையத்துக்குப் போக வேண்டும். அங்கே பழகும்வரை எண்ணெய் தேய்க்கக் குற்றாலீஸ்வரனும் கூடப் போக வேண்டும். பிரின்ஸைக் கைது செய்ய வேண்டும். எஸ்.ஐ. மேல் துறை விசாரணை நடக்கும்... ஆனால் ஆபத்து என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னதை அதில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிரின்ஸ் அன்று மாலையே சிக்கினார். கேரளாவுக்குப் போகிற லாரியில், கரடி வேஷத்தில்! செக்போஸ்ட்டில் 'மனுசன்தான் சார், ஜிப்பைப் பாருங்க!' என்று கதறியிருக்கிறார். காலையில் கோர்ட்டில் நடந்ததுதான் எல்லோர் செல்போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறதே! ஜிப்பை ஒருவரும் நம்பவில்லை.

மயக்க ஊசி போட்டுத்தான் இறக்கினார்கள்.

* * *

மறுநாள். டி.எஸ்.பி. அறை. மேஜையில் மெமோ.

"ஏம்மா இசக்கிச்செல்வி, குற்றாலத்துல இருந்து தென்காசி வரைக்கும் ஒரு சிங்கத்தை ஜீப்புல உக்காத்தி வச்சுக் கூட்டிட்டு வந்திருக்க. ஒரு சின்ன சந்தேகம்கூடவா வரல?"

"வந்திருக்கணும் சார்," என்றாள் விறைப்பாக நின்றபடி. "பதினஞ்சு நிமிசம் பக்கத்துல ஒரு வக்கீலு பேசிக்கிட்டே வந்தாரு, அவ்வளவு நேரமும் குறுக்க பேசாம கேட்டுட்டு வந்தான்... அப்பவே மனுசன் இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கணும் சார்!"